நாலு டயரும் ஒரே மாதிரி தேயணும்

இந்த மாதப் பாடம் நம் வீட்டுக் காடியின் டயரைப் பற்றியது. சமய இளைஞர் இதழில் டயருக்கு என்ன வேலை என்று யாரும் கேட்க வேண்டாம். ரிங்லெட், ஹாபு, லெம்பா பெர்தாம் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் நம் குடும்பங்கள் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கோ பத்துமலைக்கோ போவது இந்த டயரில்தான். தீபாவளிக்குப் பிள்ளைகள் கோலாலம்பூரிலிருந்து வீட்டுக்கு வருவதும், பாட்டியை இராத்திரி நேரத்தில் தாப்பா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் இதே டயரில்தான். ரிங்லெட்டிலிருந்து தாப்பா சுமார் 45 கிலோமீட்டர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் பள்ளம், நடுவில் மழை. அந்த 45 கிலோமீட்டரும் நம்மைப் பிடித்து வைத்திருப்பது நாலு உள்ளங்கை அளவு ரப்பர்.

அந்த ரப்பர் ஒரே சீராகத் தேய்ந்தால் பிரச்சினை இல்லை. தேய்வது டயரின் தர்மம். ஆனால் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் வண்டி நமக்கு ஏதோ சொல்ல வருகிறது என்று அர்த்தம். அது என்ன சொல்கிறது, எப்படிப் படிப்பது, என்ன செய்வது என்பதுதான் இந்தப் பாடம்.

1. கண்ணுக்குத் தெரியாத ஓரம்

டயரின் மேல் உள்ள வெட்டுக் கோடுகளை மலாயில் 'புங்கா தாயார்' என்பார்கள், அதாவது டயரின் பூ. இந்தப் பாடத்தில் நாமும் பூ என்றே சொல்வோம். பூவின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அந்த டயர் சாலைக்கு ஆகாது. அதை அளக்கக் கருவி தேவையில்லை. டயரின் பக்கச் சுவரில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அதற்கு நேராகப் பள்ளத்துக்குள் பாருங்க, ஒரு சிறிய ரப்பர் மேடு தெரியும். பூ தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

இங்கேதான் சிக்கல். நின்று பார்த்தால் நம் கண்ணுக்குத் தெரிவது டயரின் வெளி ஓரம் மட்டும். உள் ஓரம் வண்டிக்கு அடியில் மறைந்திருக்கும். வெளியே பூ அழகாக இருக்கும். உள்ளே மொட்டையாகி, அதையும் தாண்டி இரும்புக் கம்பி வெளியே தெரியும் நிலைக்கு வந்திருக்கும். கம்பி தெரிந்த டயர் எப்போது வெடிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பாரம் ஏற்றி, மலை இறக்கத்தில், வளைவில் திரும்பும்போதுதான் டயருக்கு அதிக வேலை. வெடித்தால் அங்கேதான் வெடிக்கும்.

ஆகவே முதல் பழக்கம் இது: ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி வைத்துவிட்டு இறங்கிப் பாருங்க. முன் டயரின் முழு அகலமும் கண்ணுக்குத் தெரியும். பின் டயருக்குக் கைப்பேசி விளக்கை அடித்துக் குனிந்துதான் பார்க்க வேண்டும். சோம்பல் படக்கூடாது.

2. டயர் எழுதும் எழுத்து

தேய்மானத்துக்கு என்று ஒரு நெடுங்கணக்கு உண்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு காரணம்.

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் உயரமாக இருந்தால், காற்று குறைவாக வைத்து ஓட்டியிருக்கிறோம். டயர் நடுவில் உள்வாங்கி, பாரம் முழுவதும் ஓரங்களில் நிற்கிறது.

நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம்.

உள் ஓரம் மட்டும் தேய்ந்தால் சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கலாம், அல்லது சக்கரத்தின் முன்பகுதி வெளியே விரிந்திருக்கலாம். வெளி ஓரம் மட்டும் தேய்ந்தால் அதற்கு எதிர்மாறு.

பூவின் ஒவ்வொரு கட்டியும் ஒரு பக்கம் மழுங்கி, மறு பக்கம் கத்தி முனைபோல் கூராக இருந்தால், அதை ரம்பப் பல் தேய்மானம் என்று வைத்துக்கொள்வோம். இது பெரும்பாலும் டோ கோணக் கோளாறு. கண்ணால் பார்த்தால் சட்டென்று தெரியாது, கையால் தடவினால்தான் தெரியும்.

டயரைச் சுற்றி இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குழி விழுந்திருந்தால் அலைன்மென்டைச் சந்தேகிப்பதற்கு முன்னால் அப்சோர்பரையும் பேரிங்கையும் பாருங்க. அப்சோர்பர் செத்துப்போன சக்கரம் பந்துபோலத் துள்ளித் துள்ளி ஓடும். துள்ளி விழும் இடமெல்லாம் குழி. பாலன்சிங் இல்லாத சக்கரமும் இப்படிச் செய்யும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால், எப்போதோ பிரேக் பிடித்தபோது சக்கரம் சுழலாமல் இழுபட்டிருக்கிறது.

இந்த ஆறையும் தெரிந்து வைத்துக்கொண்டாலே பாதி வைத்தியம் முடிந்தது. மீதிப் பாதி, கோணங்கள்.

3. தேருக்கு முட்டுக்கட்டை, காடிக்கு டை ரோட்

திருவாரூர் ஆழித்தேர் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர் அது. திருச்சி பி.எச்.இ.எல். நிறுவனம் செய்த இரும்புச் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் அதில் உண்டு. ஆனால் ஸ்டீயரிங் கிடையாது. தேரின் சக்கரங்கள் அச்சில் நேராகப் பூட்டப்பட்டவை. வீதி முனையில் தேரைத் திருப்ப வேண்டுமென்றால் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுவார்கள். கட்டையில் மோதிய சக்கரம் பக்கவாட்டில் சறுக்கி, தேர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். 'நல்ல காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே' என்று வீட்டில் பெரியவர்கள் திட்டுகிறார்களே, அந்தச் சொல் தேர் வீதியிலிருந்து வந்ததுதான்.

உருளப் பிறந்த சக்கரத்தைப் பக்கவாட்டில் சறுக்க வைத்தால் என்ன ஆகும்? உராய்வு. தேருக்கு அது வருடத்துக்கு ஒரு நாள். கோணம் தவறிய காடிக்கு அது தினமும், ஒவ்வொரு சுற்றிலும். நமக்குத் தெரியாமலே நாலு சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை போட்டுக்கொண்டு ஓட்டுகிறோம் என்று சொல்லலாம்.

வளைவில் இன்னொரு சங்கதி. ஒரு வளைவில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்தில் போகிறது, வெளிப்பக்கச் சக்கரம் பெரிய வட்டத்தில் போகிறது. இரண்டும் ஒரே அளவு திரும்பினால் ஏதாவது ஒன்று சறுக்கியே தீரும். மியூனிக் நகரத்துக் குதிரை வண்டித் தொழிலாளி லாங்கன்ஸ்பெர்கர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். அதற்கு 1818-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கிக் கொடுத்தவர் ஆக்கர்மன். பெயர் அவருக்குப் போய்விட்டது. இன்றும் 'ஆக்கர்மன் அமைப்பு' என்றுதான் படிக்கிறோம்.

முதல் தலைமுறை பெரோடுவா அக்சியாவை எடுத்துக்கொள்வோம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி 2,455 மில்லிமீட்டர். அது 10 மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவில் திரும்பினால், உள்சக்கரம் சுமார் 15 டிகிரியும் வெளிச்சக்கரம் சுமார் 13 டிகிரியும் திரும்ப வேண்டும். அந்த 2 டிகிரி வித்தியாசத்தைக் கொடுப்பது ஸ்டீயரிங் கைகளின் வடிவம். ஏதாவது ஒரு கை வளைந்துவிட்டால் நேர்ச் சாலையில் அளவு சரியாகக் காட்டும், வளைவில் டயர் கத்தும். வளைவே சாலையாக இருக்கும் நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை.

இனி மூன்று கோணங்கள்.

டோ: நேராக நின்றுகொண்டு உங்கள் பாதங்களைக் குனிந்து பாருங்க. இரண்டு பெருவிரலும் உள்நோக்கித் திரும்பியிருந்தால் டோ-இன். வெளிநோக்கி விரிந்திருந்தால் டோ-அவுட். சக்கரமும் அப்படித்தான். டயரை வேகமாகத் தின்னும் கோணம் இதுதான். சரி செய்வதும் சுலபம், டை ரோட்டைத் திருகினால் போதும்.

கேம்பர்: வண்டிக்கு முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர், வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். சாய்ந்த பக்கத்து ஓரம் தேயும்.

காஸ்டர்: சைக்கிளின் முன் கவை சாய்வாக இருக்கிறதல்லவா, அந்தச் சாய்வு. கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம். காஸ்டர் தவறினால் டயர் அவ்வளவாகத் தேயாது. ஆனால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வராது.

4. மூன்று மில்லிமீட்டர் என்ன செய்துவிடும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மைவி, அக்சியா வண்டிகளில் பழக்கமான அளவு 175/65 ஆர் 14. இந்த டயரின் விட்டம் சுமார் 583 மில்லிமீட்டர். ஒரு சக்கரத்தின் முன் விளிம்பு, பின் விளிம்பைவிட 3 மில்லிமீட்டர் மட்டும் உள்ளே தள்ளியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க. கண்ணால் பார்த்தால் யாருக்கும் தெரியாது. கோணம் 0.3 டிகிரி கூட இல்லை.

3-ஐ 583-ஆல் வகுத்தால் 0.00515. அதாவது வண்டி 1,000 மீட்டர் போகும்போது அந்த டயர் 5 மீட்டருக்குச் சற்று அதிகமாகப் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கிறது. ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு 45 கிலோமீட்டரில் சுமார் 230 மீட்டர். வாரம் ஒரு முறை போய் வரும் குடும்பம் ஒரு வருடத்தில் 4,680 கிலோமீட்டர் ஓட்டும். பக்கவாட்டு இழுபடல் சுமார் 24 கிலோமீட்டர். ரிங்லெட்டிலிருந்து தானா ராத்தாவுக்கு நடந்து போய்த் திரும்பும் தூரம் கிட்டத்தட்ட அதுதான். அவ்வளவு தூரம் ரப்பரைத் தாரில் வைத்துத் தேய்க்கிறோம்.

உண்மையில் ரப்பர் முழு நேரமும் சறுக்குவதில்லை. தரையைத் தொட்டதும் முதலில் வளைந்து கொடுக்கும். பிறகு தரையை விடும் நேரத்தில் 'சட்'டென்று நழுவும். அந்த நழுவலில்தான் பூவின் ஒரு விளிம்பு மழுங்கி மறு விளிம்பு கூராகிறது. ரம்பப் பல் தேய்மானம் பிறக்கும் கதை இதுதான்.

லாரி வைத்திருக்கும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. புஸ்பாகோம் சோதனையில் ஒரு இரும்புத் தட்டின் மேல் வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்வார்களே, அதுதான் சைட் ஸ்லிப் சோதனை. சக்கரம் தட்டைப் பக்கவாட்டில் எவ்வளவு தள்ளுகிறது என்று அது அளக்கிறது. அதன் அளவையே 'ஒரு கிலோமீட்டருக்கு இத்தனை மீட்டர்' என்பதுதான். வர்த்தக வண்டிகளுக்குத்தான் அந்தச் சோதனை தவறாமல் வரும். நம் சொந்தக் காடியை யாரும் கூப்பிட்டுச் சோதிப்பதில்லை. நாம்தான் சோதிக்க வேண்டும்.

5. மலைச்சாலை செய்யும் மூன்று வேலை

முதலாவது, இடது சக்கரம். நாம் சாலையின் இடது பக்கம் ஓட்டுகிறோம். காய்கறி லாரிக்கு வழி விடும்போது தாரின் விளிம்பை விட்டு இறங்குவது இடது முன் சக்கரம். கால்வாயில் விழுவதும், மழையில் சரிந்து கிடக்கும் கல்லில் மோதுவதும் அதுதான். தேயிலைத் தோட்டத்துக்குள் போகும் சாலை ஒரு வண்டிக்கே போதாது, எதிரே இன்னொன்று வந்தால் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். ஆகவே இங்கே முதலில் கோணம் கெடுவது பெரும்பாலும் இடது முன் சக்கரத்தில்.

ஒரு உதாரணம். இடது முன் டயரின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருக்கிறது. மற்ற மூன்றும் நன்றாக இருக்கின்றன. அலைன்மென்ட் மெஷினில் இடது கேம்பர் நெகட்டிவ் 2 டிகிரி, வலது நெகட்டிவ் அரை டிகிரி, டோ சரி என்று வருகிறது. வண்டி எந்தப் பக்கம் இழுக்கும்? இடது என்று சொல்லத் தோன்றும். இல்லை, வலது பக்கம் இழுக்கும். உள்ளே சாய்ந்து உருளும் டயர், சாய்ந்த திசையில் வண்டியைத் தள்ளும். மேசைமேல் ஒரு நாணயத்தைச் சாய்வாக உருட்டிப் பாருங்க, புரிந்துவிடும். இந்த வண்டிக்கு டோவைத் திருகிப் பயனில்லை. ஸ்ட்ரட்டோ, நக்கிளோ, லோவர் ஆர்மோ வளைந்திருக்கிறது. வளைந்ததை மாற்றினால்தான் தீரும்.

இரண்டாவது, கொண்டை ஊசி வளைவு. இரண்டு முன் டயரிலும் வெளி ஓரம் சமமாகத் தேய்ந்திருக்கிறது, அலைன்மென்ட் அளவு எல்லாம் சரி. அப்படியென்றால் பழி அலைன்மென்ட் மேல் இல்லை, நம் கால் மேல். வளைவில் வேகமாகப் போனால் வண்டி வெளிப்பக்கம் சாய்ந்து, வெளி டயரின் வெளி ஓரத்தில் பாரம் முழுவதும் உட்காருகிறது. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால், வண்டி எடையின் 63 விழுக்காடு அளவு விசை டயரைப் பக்கவாட்டில் தள்ளும். அதே வளைவில் 30-இல் போனால் 35 விழுக்காடுதான். பத்து கிலோமீட்டர் குறைத்தோம், தள்ளு விசை கிட்டத்தட்ட பாதியாகிவிட்டது. வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் விசை கூடும் என்று பள்ளியிலும் கல்லூரியிலும் படிப்பது வெறும் பரீட்சைக்கு இல்லீங்க. மழையில் நனைந்த தாரில், மொட்டை டயருக்கு அந்த 63 விழுக்காட்டைத் தாங்கும் பிடி இருக்காது.

மூன்றாவது, காற்று. மலைக்குப் போனால் டயர் காற்று கூடுமா குறையுமா என்று நம் பையன்கள் அடிக்கடி வாதாடுவார்கள். இரண்டும் நடக்கும். தாப்பாவில் மத்தியானம் 33 டிகிரி வெயிலில், டயர் ஆறிய பிறகு 32 பி.எஸ்.ஐ. அடிக்கிறோம். மறுநாள் விடியற்காலை ரிங்லெட்டில் 18 டிகிரி. குளிரில் காற்று சுருங்கி சுமார் 2.3 குறைகிறது. ஆனால் கேஜ் காட்டுவது வெளிக்காற்றுக்கும் உள்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான். 1,100 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் 14.7-லிருந்து சுமார் 12.9 ஆகிவிடுகிறது. அதனால் கேஜில் 1.8 கூடுகிறது. கூட்டிக் கழித்தால் வித்தியாசம் அரை பி.எஸ்.ஐ. மட்டும். மலையைக் குறை சொல்ல இடமில்லை.

குறை எங்கே வருகிறது என்றால், நெடுஞ்சாலையில் ஓடி வந்த சூட்டோடு தாப்பா பெட்ரோல் நிலையத்தில் காற்று அடிப்பதில்தான். டயருக்குள் காற்று 55 டிகிரி சூட்டில் இருக்கும்போது 32 என்று அடித்தால், மறுநாள் காலை ரிங்லெட்டில் அது சுமார் 28.5-தான் காட்டும். நாம் 32 என்று நம்பிக்கொண்டு இரண்டு ஓரத்தையும் தேய்த்துக்கொண்டிருப்போம். காற்றை எப்போதும் காலையில், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். எவ்வளவு என்பது ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது. முழுக் குடும்பமும் மூட்டையும் ஏறினால் பின் டயருக்கு எவ்வளவு என்பதும் பல வண்டிகளில் அதிலேயே போட்டிருக்கும்.

6. கடையில் என்ன கேட்க வேண்டும்

"தவுக்கே, அலைன்மென்ட் அடிங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு மீ கோரேங் சாப்பிடப் போய்விடாதீங்க. பக்கத்தில் நில்லுங்க. வேலை இந்த வரிசையில் நடக்கிறதா என்று பாருங்க.

முதலில் நாலு டயருக்கும் காற்று சரி பார்க்க வேண்டும். அடுத்து வண்டியைத் தூக்கி டை ரோட் எண்ட், பால் ஜாயின்ட், லோவர் ஆர்ம் புஷ், பேரிங் எதிலாவது ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருக்கும் வண்டிக்கு அலைன்மென்ட் அடிப்பது, ஆடுகிற நாற்காலியில் நின்றுகொண்டு கோலம் போடுவது மாதிரி. மெஷினில் பச்சை காட்டும், கேட்டைத் தாண்டியதும் மாறிவிடும். "போன மாசம்தான் அலைன்மென்ட் அடிச்சேன், மறுபடியும் தேயுது" என்று சொல்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான்.

பிறகு பின் சக்கர அளவு, கடைசியாக முன் சக்கர டோ. வேலைக்கு முன் அளவும் பின் அளவும் சேர்ந்த தாளைக் கேட்டு வாங்குங்க. அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

எந்த வண்டியில் எதைத் திருக முடியும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மைவி, அக்சியா போன்ற சிறிய காடிகளில் முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட், பின்னால் டார்ஷன் பீம். சாதாரணமாகத் திருகக்கூடியது முன் டோ மட்டும். ஹைலக்ஸில் முன் ஆர்மில் திருகு போல்ட் உண்டு, கேம்பரும் காஸ்டரும் கூடச் சரி செய்யலாம். நம் காய்கறித் தோட்டங்களில் ஓடும் பழைய லேண்ட் ரோவரின் முன் அச்சு ஒரே இரும்புத் துண்டு. அதில் டோ ஒன்றைத்தான் டிராக் ரோட்டில் மாற்ற முடியும். கேம்பர் தவறினால் அச்சு வளைவோ பேரிங் ஆட்டமோ இருக்கிறதென்று பொருள். அச்சைத் திருகிச் சரி செய்கிறேன் என்று யாராவது சொன்னால் இரண்டு முறை கேளுங்க.

புது டயர் போட்டதும், ஸ்டீயரிங் பாகம் எதையாவது மாற்றியதும், பெரிய குழியில் விழுந்ததும் அலைன்மென்ட் பார்த்துவிடுவது நல்லது. அதன் செலவு ஒரு டயரின் விலையில் ஒரு சிறு பங்குதான். டயர் கெட்ட காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது டயர் போட்டால், அந்தப் புது டயரும் அதே வழியில்தான் போகும். அப்பா, அம்மா சம்பளத்தில் வாங்கும் டயர் அது.

7. செய்முறை: ஒரு சாக்கட்டி, ஒரு அளவு நாடா

இதற்கு இரண்டு பேர் வேண்டும். கோயில் மண்டபத்து வாசல், பள்ளி வளாகம் என்று சமதளமாக ஓரிடம் வேண்டும். நம் ஊரில் அதுதான் கிடைப்பது கஷ்டம்.

ஒன்று: காற்றைச் சரி செய்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, வண்டியைச் சில மீட்டர் முன்னோக்கித் தள்ளி நிறுத்துங்க. பின்னோக்கித் தள்ளக் கூடாது.

இரண்டு: இரண்டு முன் டயரின் பின்பக்கத்தில், சக்கர மையத்தின் உயரத்தில், பூவின் நடுவில் சாக்கட்டியால் குறி போடுங்க. இரண்டு குறிக்கும் இடைவெளியை அளந்து எழுதுங்க.

மூன்று: குறிகள் முன்பக்கம் அதே உயரத்துக்கு வரும்வரை வண்டியை மெதுவாக முன்னோக்கித் தள்ளுங்க. அரைச் சுற்று, அதாவது சுமார் 90 சென்டிமீட்டர்.

நான்கு: மறுபடியும் இரண்டு குறிக்கும் இடைவெளியை அளங்க. முன் அளவு குறைவாக இருந்தால் டோ-இன், அதிகமாக இருந்தால் டோ-அவுட். வித்தியாசம் ஓரிரு மில்லிமீட்டர் என்றால் பயமில்லை. ஐந்து, ஆறு என்று வந்தால் கடைக்குப் போக வேண்டிய நேரம். 6 மில்லிமீட்டர் என்றால் சக்கரத்துக்கு 3. மேலே போட்ட கணக்கு நினைவிருக்கட்டும்.

அதே குறியை இரண்டு தடவையும் பயன்படுத்துவதற்குக் காரணம் உண்டு. டயர் கொஞ்சம் கோணலாக வார்க்கப்பட்டிருந்தாலும் அந்தப் பிழை இரண்டு அளவிலும் ஒன்றாக வந்து கழிந்துவிடும்.

கையால் தடவும் சோதனையையும் சேர்த்துச் செய்யுங்க. முதலில் கம்பி வெளியே நீட்டியிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். உள்ளிருந்து வெளியே தடவும்போது கூராகப் பட்டால் டோ-இன் அதிகம். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது கூராகப் பட்டால் டோ-அவுட்.

டயரின் வயதையும் பாருங்க. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்தது. தோட்டத்துக்குள்ளேயே ஓடும் வண்டிகளில் பூ தேயாமல் இருக்கும், ரப்பர் மட்டும் கிழடாகிக் கெட்டியாகிவிடும். பூ இருக்கிறது என்பதற்காக அதை நம்பக் கூடாது.

8. மன்றங்களுக்கு ஒரு வேலை

ஆயுத பூஜைக்கு வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். பழம் வைக்கக் குனிகிறோம் அல்லவா, அப்போதே விளக்கை அடித்து உள் ஓரத்தையும் பார்த்துவிட்டால் என்ன? கிளை மன்றங்கள் இந்த வருடம் இதை ஒரு சேவையாக எடுத்துச் செய்யலாம். பூஜைக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் காற்று, பூவின் ஆழம், உள் ஓரம், டயரின் வயது, இந்த நாலையும் பார்த்து ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்க. ஐந்து நிமிட வேலை. "அங்கிள், இடது முன் டயர்ல கம்பி தெரியுது, இதோட தாப்பா இறங்காதீங்க" என்று ஒரு தம்பி சொல்வது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றலாம்.

கட உபநிடதம் உடலைத் தேராகவும் புத்தியைச் சாரதியாகவும் மனதைக் கடிவாளமாகவும் புலன்களைக் குதிரைகளாகவும் காட்டுகிறது. சாரதி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் தேர் சீராக இருந்தால்தான் ஊர் போய்ச் சேரலாம். கண்ணுக்குத் தெரியாத ஓரத்தைக் குனிந்து பார்ப்பதும் ஒரு சாதனைதான். இன்னொன்றும் உண்டு. 1877-இல் கோல கங்சாரில் நடப்பட்ட ரப்பர் கன்றுகளின் வழியில்தான் இந்த நாட்டின் பால்மரக் காடுகள் வளர்ந்தன. உலகத்தின் டயர்களுக்குப் போன பாலை விடியற்காலைக் குளிரில் சீவி எடுத்தவர்கள் நம் தாத்தா பாட்டிகள். ரப்பரின் அருமை நமக்குத் தெரியாவிட்டால் வேறு யாருக்குத் தெரியும்?

கலந்துரையாட

1. ஒரு வண்டியில் இரண்டு முன் டயரின் உள் ஓரமும் சமமாகத் தேய்ந்து, தடவினால் ரம்பப் பல் போலவும் இருக்கிறது. முதலில் எந்தக் கோணத்தைச் சந்தேகிப்பீர்கள்? ஏன்?

2. உங்கள் வீட்டு டயரின் விட்டத்தைக் கண்டுபிடித்து, ஒரு சக்கரத்துக்கு 2 மில்லிமீட்டர் டோ பிழை இருந்தால் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை மீட்டர் இழுபடும் என்று கணக்கிடுங்கள்.

3. 30 கிலோமீட்டரில் போன வளைவில் 50-இல் போனால் பக்கவாட்டு விசை எத்தனை மடங்கு கூடும்?

4. உங்கள் கிளை உறுப்பினர்களின் வண்டிகளில் எந்தச் சக்கரம் அதிகம் தேய்ந்திருக்கிறது? பத்து வண்டிகளைப் பார்த்து ஒரு அட்டவணை போடுங்கள். இடது முன் சக்கரம்தான் என்று இந்தப் பாடம் சொல்வது உங்கள் ஊரில் உண்மையா என்று சரி பாருங்கள்.